முன்சீட்டு அக்காவும் பட்டு ட்வீட்டரும்

அந்த அக்காவின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் எங்கிருந்தாலும் அவர் காதில் விழுந்துவிடும். விழுந்தால் போன் போட்டு, "ஏலே, என்னையப் பத்தி என்னமோ சொன்னியாம்ல?" என்று ஆரம்பிப்பார். ஆரம்பித்தால் அவ்வளவு சீக்கிரம் முடிக்க மாட்டார். ஆகவே முன்சீட்டு அக்கா என்றே வைத்துக்கொள்வோம். கூடலூர் ஜீப் ஸ்டாண்டில் அப்படிச் சொன்னாலே போதும். எந்த டிரைவராக இருந்தாலும் கை தானாகப் போய்த் தன் வண்டியின் பாட்டுச் சத்தத்தைக் குறைக்கும்.

எனக்கு அப்போது சொந்தமாக ஒரு ஜீப் இருந்தது. விடிகிற நேரத்தில் கூடலூரில் பதினான்கு பெண்களை ஏற்றிக்கொண்டு, லோயர் கேம்ப் தாண்டி மலையேறி, குமுளி செக்போஸ்ட்டைக் கடந்து ஏலத்தோட்டத்தில் இறக்கிவிட வேண்டும். சாயங்காலம் திரும்பக் கூட்டிவர வேண்டும். பதினான்கு பேரும் ஒரே செட்டு. செட்டு என்றால் பிரியாது. ஏறினால் பதினான்கும் ஏறும், இறங்கினால் பதினான்கும் இறங்கும். தலைவி என்று யாரையும் யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. முன்சீட்டில் யார் உட்காருகிறாரோ அவர்தான் தலைவி. அந்த இடத்தில் அக்கா உட்கார்ந்துவிட்டார். காலையில் அவர் வந்து முன்சீட்டில் ஏறுகிறாரா இல்லையா என்பதில்தான் என் வீட்டில் அடுப்பு எரிவது இருந்தது.

அக்காவின் காது சாதாரணக் காது இல்லை. தோட்டத்தில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் அவருக்கு வேலை. காய் உலர்ந்துவிட்டதா என்று மற்றவர்கள் நிறத்தைப் பார்ப்பார்கள், நகத்தால் கிள்ளிப் பார்ப்பார்கள். அக்கா ஒரு கை அள்ளிக் காதோரம் வைத்துக் குலுக்குவார். "இன்னும் அரை மணி நேரம்" என்பார். அரை மணி நேரம்தான் ஆகும். குமுளி டீக்கடையில் கிளாஸை வாங்கியதும் நகத்தால் ஒரு தட்டு தட்டுவார். "சேட்டா, கீறல் இருக்கு. வேற குடுங்க" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். கடைக்காரர் கிளாஸைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், ஒன்றும் தெரியாது. அடுத்த ஆளுக்கு அதிலேயே ஊற்றுவார். அது அந்த ஆள் கையிலேயே 'டப்' என்று உடையும்.

இரைச்சல் பாலம் வந்தால் பாட்டை நிறுத்தச் சொல்வார். மேலே அணையிலிருந்து திறந்துவிடும் தண்ணீர் விழுகிற சத்தத்தைக் கேட்டுவிட்டு, "நேத்தைக்கு இன்னைக்குக் கொறைச்சிட்டாக" என்பார். உடனே பின்னால் பதிமூன்று போன்கள் வெளியே வரும். பதிமூன்று வீட்டுக்காரர்களுக்கும் வயலில் தண்ணீர் பாய்ச்சுவது பற்றி உத்தரவு போகும்.

இப்படிப்பட்ட ஒரு காதை, ஓட்டை ஜீப்பில், எனக்கு இரண்டடி தூரத்தில் வைத்துக்கொண்டு நான் பாட்டுப் போட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பாட்டு இல்லாமலும் முடியாது. விடிகாலை மலைப்பாதையில் தூக்கம் வரும். அதோடு ஸ்டாண்டில் ஒரு மரியாதையும் வேண்டும். எங்கள் ஸ்டாண்டில் டிரைவரின் தகுதியை அளப்பது வண்டியின் டயரை வைத்து இல்லை, ட்வீட்டரை வைத்துத்தான். பெரிய ஸ்பீக்கர் தடதடவென்று கீழ்ச்சத்தத்தைப் பார்த்துக்கொள்ளும். ட்வீட்டர் சின்னது, அரை எலுமிச்சம்பழம் கவிழ்த்த மாதிரி இருக்கும். சலங்கை, தாளம், பாடுகிறவர் மூச்சு இழுப்பது என்று மேல்சத்தம் எல்லாம் அதன் வேலை. அந்த அரை எலுமிச்சம்பழத்தை எதில் செய்திருக்கிறார்கள் என்பதில்தான் விவகாரமே இருக்கிறது. இது எனக்கு அப்போது தெரியாது.

ஜீப்போடு வந்தது பிளாஸ்டிக் தாள் வைத்த ட்வீட்டர். முதல் நாளே அக்கா கேட்டார்.

"ஏன் தம்பி, பாடுற பிள்ள வாயில சிப்ஸ் பாக்கெட்ட வச்சுக்கிட்டா பாடுது?"

எனக்குச் சுருக்கென்றது. கம்பத்தில் தெரிந்த ஒரு ஆடியோ கடைக்காரரிடம் போனேன். அவர் காகிதத்தில் செய்த ஒரு ஜோடியை மாட்டிவிட்டார். அடடா, என்ன இதம் என்று எனக்கே தோன்றியது. ஒரு மாதம் ஓடியது. குமுளியில் சாரல் பிடித்தது. ஜீப்புக்குக் கதவு கிடையாது, படுதாதான். சாரல் உள்ளே அடித்து அடித்து, "நமுத்த அப்பளத்தக் கடிச்ச மாதிரி இருக்குப்பா" என்று அக்கா தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

மறுபடி கம்பம். கடைக்காரர் இந்தத் தடவை குரலைத் தாழ்த்தி, கண்ணாடி அலமாரியைத் திறந்து ஒரு பெட்டியை எடுத்தார்.

"டைட்டானியம்ணே. ராக்கெட்டுக்குப் போடுற உலோகம். மழை வெயில் எதுவும் ஒண்ணும் பண்ணாது. சத்தம் கத்தி மாதிரி இருக்கும்."

கத்தி மாதிரி என்று அவர் சொன்னதை நான் நல்ல விஷயமாக எடுத்துக்கொண்டேன். ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. வெள்ளை ஜீப் வைத்திருந்த ஒருத்தன் மறுநாளே கம்பம் போய் அதே மாதிரி மாட்டிக்கொண்டு வந்தான். இதைவிட வேறென்ன பெருமை வேண்டும் என்று நினைத்தேன். அக்காவை மறந்துவிட்டேன்.

லோயர் கேம்ப்பைத் தாண்டவில்லை. "நிறுத்து" என்றார். நிறுத்தினேன். இறங்கினார். பின்னால் பதிமூன்று பேரும் ஏன் எதற்கு என்று கேட்காமல் இறங்கினார்கள். ரோட்டோரம் பதினான்கு சாப்பாட்டுத் தூக்குகளோடு வரிசையாக நின்றார்கள்.

"என்னக்கா ஆச்சு?"

"காதுக்குள்ள கம்பிய விட்டு ஆட்டுறான். தேங்காச் செரட்டைய இரும்புக் கரண்டிய வச்சுச் சொரண்டுற மாதிரி இருக்கு. மனுசி கேக்குற சத்தமா இது?"

"டைட்டானியம்க்கா. ராக்கெட்டுக்குப் போடுறது."

"அப்ப ராக்கெட்டுல போறவுகளப் போயி ஏத்து."

பாட்டை அமர்த்தி, கும்பிட்டு, கெஞ்சி ஏற்றினேன். ஏறும்போது அக்கா தெளிவாகச் சொல்லிவிட்டார். "இன்னைக்கு வாரோம். நாளைக்கும் இதே கத்தல்னா அந்த வெள்ள ஜீப்புல ஏறிக்கிடுவோம்."

சாயங்காலம் வண்டியோடு கம்பம் பறந்தேன். கடைக்காரர் தாடையைத் தடவிக்கொண்டார்.

"உலோகம் வெறைப்பாத்தாண்ணே இருக்கும். கிட்டக்க உக்காந்து கேட்டா குத்தும். அந்த அக்காவுக்கு சில்க்தான் சரி. பட்டு டோமு. இப்ப ஸ்டாக் இல்ல. மதுரையில இருந்து வரணும், நாலு நாளாகும்."

எனக்கு இருந்தது ஒரு ராத்திரிதான். திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்தேன். சில்க் என்றால் பட்டு. பட்டுதான் எங்கள் வீட்டு பீரோவிலேயே இருக்கிறதே! அதற்கு எதற்கு மதுரை வரை போக வேண்டும்?

என் மனைவி தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். அவளுடைய கல்யாணப் பட்டை எடுத்தேன். நான் ஒன்றும் மடையன் இல்லை. முந்தானையில் வெட்டினால் தெரியும், கொசுவத்தில் வெட்டினாலும் தெரியும். இடுப்பில் முதல் சுற்றாகச் சொருகும் உள்தலைப்பு யார் கண்ணிலும் படாது. அங்கே பெரிய பொட்டு அளவுக்கு இரண்டு வட்டம் வெட்டினேன். வெட்டுவதுதான் வெட்டுகிறோம், பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று சரிகைக் கரையோடு சேர்த்து வெட்டினேன். ட்வீட்டரின் வலையைக் கழற்றி, டைட்டானியம் தலைமேல் பசை தடவி ஒட்டினேன். புதுமாப்பிள்ளை தலைப்பாகை கட்டிய மாதிரி இரண்டும் ஜம்மென்று இருந்தன.

மறுநாள் காலையில் அக்கா ஏறினார். பாட்டைப் போட்டேன். லோயர் கேம்ப் போனது. முதல் வளைவு, இரண்டாவது வளைவு. அக்கா தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே வந்தார்.

"இப்பத் தேவல" என்றார்.

அப்பாடா என்று நான் சாயும்போது, "ஆனா நடுவுல என்னமோ கரகரங்குதே. சரிகையில நகத்த இழுத்த மாதிரி" என்றார்.

எதிரே வந்த பால் வண்டியை நான் எப்படித் தவிர்த்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அன்றைக்கும் மனைவி தண்ணீர் பிடிக்கப் போனாள். சரிகை இல்லாத இடமாகப் பார்த்து இன்னும் இரண்டு வட்டம் வெட்டினேன். மறுநாள் அக்கா, "ம், சரிகை போயிருச்சு" என்றார். கொஞ்ச தூரம் போனதும், "பாடுற பிள்ளதான் முக்காடு போட்டுக்கிட்டுப் பாடுது. போகட்டும், கத்தாம இருந்தாச் சரி" என்றார். முன்சீட்டில் உட்கார்ந்தே வந்தார். எனக்கு அது போதும்.

நான்காம் நாள் மதுரைச் சரக்கு வந்தது. பழையதைக் கழற்றிய கடைக்காரர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு பக்கத்துக் கடை ஆட்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு விளக்கினார். பட்டு ட்வீட்டர் என்றால் அந்த அரை எலுமிச்சம்பழமே துணியில் செய்தது. மெல்லிய துணிக்குப் பூச்சு கொடுத்து, அச்சில் அழுத்தி எடுப்பார்களாம். லேசாக இருப்பதால் துடிக்கும், மெத்தென்று இருப்பதால் குத்தாது. உலோகத்தின் மேல் சேலையை ஒட்டினால் பாரம்தான் ஏறும், அது பாடுகிறவர் வாயைப் பொத்துவதுதான். "எந்தச் சேலைண்ணே? வீட்டுல தெரியுமா?" என்று கேட்டார். நான் பணத்தை எண்ணி மேசைமேல் வைத்தேன்.

அசல் பட்டு பாடிய முதல் நாள் அக்கா குமுளி வரும் முன்பே தூங்கிவிட்டார். பின்னால் பதிமூன்று பேரும் தூங்கினார்கள். தோட்டத்தில் இறங்கும்போது, "நல்ல தூக்கம்" என்றார். அவரிடமிருந்து இதைவிடப் பெரிய பாராட்டு யாருக்கும் கிடைத்ததில்லை. ஸ்டாண்டில் மற்ற டிரைவர்கள் புது ஸ்பீக்கர் மாட்டினால் அக்காவிடம் கொண்டுவந்து காட்ட ஆரம்பித்தார்கள். அக்கா ஒவ்வொரு வண்டியாகத் தலையை நீட்டிக் கேட்பார். "இது தகரம்", "இது காயிதம்", "இது பட்டு, ஆனா அழுக்கு" என்று சொல்லிக்கொண்டே போவார். ஆட்களையும் அப்படித்தான் சொல்வார். அவருடைய நாத்தனார் டைட்டானியம். தோட்டத்துச் சூப்பர்வைசர் நமுத்த காகிதம். நான் எதில் சேர்த்தி என்று ஒரு நாள் கேட்டேன். "நீ ஸ்பீக்கரே இல்லலே, வெறும் பொட்டி" என்றார்.

இப்படி நாலைந்து மாதம் நன்றாகப் போனது. ஒரு சாயங்காலம் மலை இறங்கும்போது அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தம்பி, இரும்பு கத்துது."

எனக்குச் சுரீரென்றது. "அக்கா, இது பட்டு."

"பட்டா இருந்தா இருக்கட்டும். இரும்பு கத்துது."

மறுநாளும் மலை இறங்கும்போது அதையே சொன்னார். அதற்கு மறுநாளும் சொன்னார். காலையில் ஏறும்போது ஒன்றும் சொல்வதில்லை. இறங்கும்போது மட்டும்தான். அதை நான் யோசித்திருக்க வேண்டாமா? என் மண்டையில் இருந்ததெல்லாம் ட்வீட்டர்தான். நேரே கம்பம் போய்க் கடைக்காரர் சட்டையைப் பிடிக்காத குறையாகச் சண்டை போட்டேன்.

"பட்டுன்னு சொல்லி இரும்பக் குடுத்துட்டீகளா?"

அவர் வந்து ஜீப்பில் உட்கார்ந்தார். நின்ற வண்டியில் அரை மணி நேரம் பாட்டுக் கேட்டார். "அண்ணே, எங்க ஆத்தா சத்தியமா இது பட்டு" என்று ட்வீட்டர் மேலேயே அடித்துச் சத்தியம் செய்தார். நான் விடவில்லை. அந்த ஜோடியைக் கழற்றவைத்து, பெட்டி பிரிக்காத புதுப் பட்டு ஒரு ஜோடியை மாட்டிக்கொண்டுதான் வந்தேன்.

மறுநாள் சாயங்காலம் குமுளியிலிருந்து இறங்கினோம். முதல் வளைவு.

"கத்துது" என்றார் அக்கா.

"புதுசுக்கா! நேத்துத்தான் மாட்டினேன்!"

"பாட்ட நிறுத்து."

"நிறுத்த மாட்டேன். நீங்க சொல்லச் சொல்ல எத்தனை தடவைதான் மாத்துறது? உங்க காதுலதான் கோளாறு" என்று கத்திவிட்டேன். பின்னால் பதிமூன்று பேரும் 'உச்' கொட்டினார்கள். அந்தக் காதைப் பற்றி அப்படி ஒரு வார்த்தையை அதுவரை யாரும் சொன்னதில்லை.

அக்கா கையை நீட்டி அவரே பாட்டை அமர்த்தினார். என் பாட்டுப் பெட்டியை வேறு ஒரு ஆள் தொட்டது அதுதான் முதல் தடவை. அடுத்த வளைவுக்குப் பிரேக்கை மிதித்தேன். முன்சக்கரத்திலிருந்து 'கிரீ...ச்' என்று ஒரு சத்தம் எழுந்தது. மலையே திரும்பிக் கேட்டிருக்கும்.

"இப்பச் சொல்லு. ட்வீட்டரு எங்கன இருந்து கத்துது?"

நாலு நாளாக அந்தப் பெண்களை நான் எதில் வைத்து இறக்கிக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. மறுபடி மிதித்தேன். வண்டி நிற்க மனமில்லாமல் நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். பதிமூன்று பேரும் பின்னால் வந்த பஸ்ஸைக் கைகாட்டி ஏறிப் போனார்கள். ஒரு செட்டு பிரிந்து போனதை நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். அக்கா மட்டும் ஏறவில்லை.

"நீங்களும் போங்கக்கா."

"வண்டிய மொதக் கியர்ல போட்டு உருட்டு. நான் கூட வாரேன்."

ஓரத்தில் கிடந்த பெரிய கல் ஒன்றைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். மிச்ச மலையையும் நான் முதல் கியரில் இறங்கினேன். அக்கா முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் கல்லோடு நடந்து வந்தார். வண்டி மீறினால் சக்கரத்துக்கு முன்னால் போடுவதற்கு. நடக்க நடக்கத் திட்டிக்கொண்டே வந்தார். இன்னதுதான் என்று இல்லை, என் பரம்பரையையே இழுத்துத் திட்டினார். லோயர் கேம்ப்பில் கல்லைக் கீழே போட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார். "நாளையில இருந்து நாங்க வெள்ள ஜீப்பு" என்றார். போய்விட்டார்.

மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றிக் காட்டினார். பிரேக் பேடு முழுசாகத் தேய்ந்து, பின்தகடு போய் உரசிக்கொண்டிருந்தது. இரும்பும் இரும்பும். அக்கா சொன்னது அதைத்தான்.

மறுநாள் வண்டி பட்டறையில். செட்டு வெள்ளை ஜீப்பில் போயிற்று. வீட்டில் நடந்ததையெல்லாம் என் மனைவியிடம் சொல்லி அழுதுவிட்டேன். சேலையைத் தவிர எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நல்லவள். "வண்டிக்கு மறுபொறப்புங்க. விடிஞ்சதும் ஸ்டாண்டுலயே வச்சுப் பூசை போட்டுருவோம். அந்த அக்காகிட்ட நானும் வந்து கேக்குறேன்" என்றாள். விடியும் முன்பே எழுந்து குளித்து, பீரோவைத் திறந்தாள். எடுத்தது அந்தக் கல்யாணப் பட்டு. "பூசைக்குத்தான், பட்டு கட்டுனா நல்லதுல்ல" என்று அவசர அவசரமாகச் சொருகிக்கொண்டாள். இருட்டில் உள்தலைப்பை யார் பார்க்கிறார்கள்?

நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் கொளுத்தினாள். வெள்ளை ஜீப் பக்கத்திலேயே உறுமிக்கொண்டு நின்றது. அதன் டைட்டானியம் ஊரையே அறுத்தது. செட்டு வந்தது. அக்கா முன்னால் வந்தார். இரண்டு காதிலும் பஞ்சு. ஒரே நாளில் அந்தக் காதைப் பஞ்சு வைத்து அடைக்க வைத்துவிட்டோமே என்று எனக்கு அழுகையாக வந்தது.

வெள்ளை ஜீப்பின் படியில் கால் வைத்தவர், வைத்தபடியே நின்று என் வண்டியைப் பார்த்தார். காலை எடுத்துவிட்டு இந்தப் பக்கம் வந்தார். ஒரு காதிலிருந்து பஞ்சை எடுத்தார்.

"உருட்டி மிதி."

பழம் நசுங்க உருட்டி, மிதித்தேன். ஒரு சத்தம் இல்லை.

"இன்னொருக்கா."

மிதித்தேன். பின்னோக்கி உருட்டியும் மிதித்தேன். அக்கா குனிந்து சக்கரத்தோரம் காதை வைத்துக் கேட்டார். நிமிர்ந்து மற்றக் காதின் பஞ்சையும் எடுத்து வெள்ளை ஜீப் பக்கம் எறிந்தார். தூக்குச்சட்டியை என் வண்டிக்குள் வைத்துவிட்டு முன்சீட்டில் ஏறினார். பின்னால் பதிமூன்றும் ஏறின. என் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. சூடத்தட்டோடு ஓடிவந்து அக்காவிடம் நீட்டிக் குனிந்தாள். பட்டு சரசரத்தது.

சூடத்தைத் தொடப்போன அக்காவின் கை அப்படியே நின்றது. தலையைச் சாய்த்தார். பிறகு சேலையின் கரையைப் பிடித்து, நகத்தால் சரிகை மேல் ஒரு இழு இழுத்தார்.

கரகர.

"ஆத்தா, இந்தச் சேலையோட சத்தத்த நான் கேட்டிருக்கேன்" என்றார்.

"எங்கனக்கா? என் கல்யாணத்துக்கா வந்தீக?"

"கல்யாணத்துக்கு வரல. இந்த வண்டியிலதான் ஒரு நாள் பாடுச்சு. மறுநாளு சரிகை இல்லாம பாடுச்சு."

மனைவி என்னைப் பார்த்தாள். நான் ஸ்பீடோமீட்டரைப் பார்த்தேன். அவள் கை மெதுவாக இடுப்புக்குப் போனது. உள்சொருகலைத் தடவியது. ஒரு விரல் ஓட்டைக்குள் போய் நின்றது. பிறகு இரண்டாவது ஓட்டையைத் தேடிப் போனது.

"சாயங்காலம் வீட்டுக்கு வருவீகல்ல?" என்றாள். பட்டு மாதிரி மெதுவாகத்தான் கேட்டாள்.

"வண்டிய எடு தம்பி, சாயங்காலம் வரைக்கும் உனக்கு ஆயுசு இருக்கு" என்றார் அக்கா. பின்னால் பதிமூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

எடுத்தேன். பாட்டைப் போட எனக்குத் தைரியம் வரவில்லை. லோயர் கேம்ப் போயிற்று, இரைச்சல் பாலம் வந்தது. அக்கா தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டார். அதைத் தாண்டி வளைவில் நான் பிரேக்கை மிதித்ததையும் கேட்டுக்கொண்டார். பிறகு கையை நீட்டி அவரே பாட்டைப் போட்டுவிட்டு, கண்ணை மூடித் தூங்கிப் போனார்.